அம்மாவை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா? கையெழுத்துக்கு முன் யோசிக்க வேண்டியவை

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. ஒன்றரை வருடம் முன்பு அல்சைமர், ஆரம்ப நிலை என்று சொன்னார்கள். டொனெபெசில் மாத்திரை சாப்பிடுகிறார். போன முறை டாக்டர், புதிய மருந்து ஒன்றை ஆராய்கிறார்கள், அம்மா அதற்குப் பொருந்துவார் என்று சொல்லி 30 பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். அம்மா உடனே "சரி, சேந்துடலாம்" என்றார். மறுநாள் கேட்டால் அப்படி ஒரு பேச்சு நடந்ததே ஞாபகமில்லை. அண்ணனோ "அம்மாவைச் சோதனை எலி ஆக்கப் போறியா?" என்று சண்டைக்கு வருகிறார். அம்மா போடும் கையெழுத்து செல்லுமா? பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? பிடிக்கவில்லை என்றால் நடுவில் வெளியே வரலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெளியே வரலாம். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே வரலாம். அதனால் அம்மாவின் வழக்கமான சிகிச்சைக்கு எந்தப் பாதிப்பும் வரக் கூடாது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்டு, அப்புறம் பலமுறை திருத்திய ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இந்த உரிமை இருக்கிறது. ஒன்று மட்டும்: மருந்தைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிட்டு, அங்கே போகாமலே இருந்துவிடாதீர்கள். ஆய்வுக் குழுவிடம் சொல்லுங்கள். மருந்தைப் பத்திரமாக நிறுத்த ஒரு வழி வைத்திருப்பார்கள், ஒன்றிரண்டு பாதுகாப்புப் பரிசோதனைகளுக்கு வரச் சொல்லலாம். அதுவரை சேகரித்த தகவல்களைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

மாத்திரை விஷயம். அல்சைமர் மருந்து ஆய்வுகள் பலவற்றில் டொனெபெசிலைத் தொடரலாம், ஆனால் அளவை மாற்றக் கூடாது என்பார்கள். நிறுத்தச் சொன்னால் ஏன், எத்தனை நாள், அந்த இடைவெளியில் அம்மா மோசமானால் என்ன செய்வார்கள் என்று கேட்டு, பதில் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையில்தானே சேர்க்க நினைக்கிறீர்கள்? ஒப்புதல் வாங்கும் மேஜையின் மறுபக்கம் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெரியவரிடம் முக்கால் மணி நேரம் விளக்கினோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும், ஆனால் உள்ளே மருந்து இல்லாத போலி மருந்து, யாருக்கு எது என்று கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும், எங்களுக்கே தெரியாது என்றெல்லாம் சொன்னோம். தலையாட்டிக் கேட்டார். "நீங்க புரிஞ்சுக்கிட்டதை எனக்குச் சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன். குலுக்கல், போலி மருந்து எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். கடைசியில், "ஆனா டாக்டர் என்னைப் பார்த்து எனக்கு எது ஒத்துக்குமோ அதைத்தான் குடுப்பாரு" என்று முடித்தார்.

இது அவர் ஒருவரின் குழப்பம் இல்லை. 1982இல் ஆப்பல்பாம், ராத், லிட்ஸ் ஆகிய மூவர் மனநல ஆய்வுகளில் சேர்ந்தவர்களிடம் பேசி இதே மனப்போக்கைக் கண்டு எழுதினார்கள். ஆய்வைச் சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளும் மயக்கம் அது. சிகிச்சையில் டாக்டர் உங்கள் அம்மாவை மட்டும் மனதில் வைத்து முடிவெடுப்பார். ஆய்வில் அளவு, நாள், பரிசோதனை எல்லாம் ஏற்கெனவே எழுதிவைத்த திட்டப்படி நடக்கும், அதன் நோக்கம் மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்வது. அம்மாவுக்குப் பலன் கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அதற்காக மட்டும் சேர்வதாக இருந்தால் நான் கொஞ்சம் தயங்குவேன்.

"போலி மருந்து வந்துவிட்டால் நஷ்டம்தானே?" என்று எல்லாரும் கேட்பார்கள். அப்படியும் சொல்ல முடியாது. செமாகசெஸ்டாட் என்று ஒரு மருந்து. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தின் உற்பத்தியைக் குறைக்க வந்தது. மேலே சொன்ன மாதிரி குலுக்கல் ஆய்வுதான். 2010 ஆகஸ்டில் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஞாபகமும் அன்றாட வேலைத் திறனும் போலி மருந்து சாப்பிட்டவர்களைவிட மோசமாகிக்கொண்டிருந்தன, தோல் புற்றுநோயும் கூடியிருந்தது. போலி மருந்து கிடைக்கிறதே என்று வருந்தியிருக்கக்கூடியவர்கள்தான் அங்கே தப்பித்தவர்கள்.

வெற்றி பெற்ற மருந்தையும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் மருந்தின் முக்கிய ஆய்வில் 1,795 பேர் சேர்ந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப், 18 மாதம். நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் மருந்து பெற்றவர்கள் 1.21 புள்ளி சரிந்தார்கள், பெறாதவர்கள் 1.66. வித்தியாசம் 0.45. கவனியுங்கள், மருந்து பெற்றவர்களும் சரிந்துகொண்டுதான் இருந்தார்கள், வேகம் மட்டும் குறைந்தது. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இல்லை, சிலருக்கு இருந்தது. இந்த 0.45 வீட்டில் எப்படித் தெரியும் என்று நிபுணர்களே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆய்வு வேறு மருந்தைப் பற்றியதாக இருக்கலாம். ஆனாலும் "நல்லா வந்தா எவ்வளவு நல்லது, கெட்டதா போனா எவ்வளவு கெட்டது?" என்று எண்ணில் கேட்பது உங்கள் உரிமை.

இப்போது கையெழுத்து. டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், என்று பெயர் வைத்துவிட்டதால் மட்டும் ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழப்பதில்லை. பார்க்க வேண்டியது நான்கு: சொன்னது புரிகிறதா, முடிவெடுக்கும் நேரம் வரையாவது மனதில் நிற்கிறதா, தன் நிலைமையோடு பொருத்திச் சாதக பாதகத்தை எடைபோடுகிறாரா, முடிவைச் சொல்ல முடிகிறதா. மறுநாள் மறந்துவிட்டார் என்பது அந்த முடிவைத் தானாகச் செல்லாததாக்கிவிடாது. ஆனால் உங்கள் அம்மாவின் முதல் "சரி" எனக்குப் போதாது. அது மகளின் முகத்தையும் டாக்டரின் முகத்தையும் பார்த்துச் சொன்ன "சரி"யாகவும் இருக்கலாம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், பலருக்கு அது காலை, கண்ணாடியும் காது மெஷினும் போட்டுக்கொண்டு, டிவியை அணைத்துவிட்டு உட்காருங்கள். 30 பக்கத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு விஷயம்: எத்தனை முறை போக வேண்டும், ஊசி எத்தனை, என்ன ஆகலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "ம்" என்றுதான் சொல்வார்கள். "அங்க போனா என்னம்மா செய்வாங்க?" என்று கேளுங்கள். இதையே மூன்று வேறு நாட்களில் கேட்டுப் பாருங்கள். முந்தைய பேச்சு ஞாபகமில்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் அதே காரணத்தோடு அதே பதில் வருகிறது என்றால், அது அவருடைய முடிவு என்று என்னால் நம்ப முடியும். ஒரு நாள் ஆசை, ஒரு நாள் பயம் என்று மாறினால் அதையும் ஆய்வுக் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கையெழுத்து முடிவை எடுக்கும் நிலையில் அவர் இல்லை என்று மருத்துவர் கருதினால், உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் பிரதிநிதி அவருக்காகக் கையெழுத்திடலாம். அந்தப் பிரதிநிதி கேட்டுக்கொள்ள வேண்டியது, அம்மா நன்றாக இருந்த காலத்தில் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்பதைத்தான்.

இன்னொன்று. ஒரு தடவை வாங்கிய ஒப்புதல் இரண்டு வருடத்துக்கும் போதும் என்று இருந்துவிட முடியாது. மூன்றாவது டிரிப்புக்குப் போன அன்று அம்மா கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால், அது "வேண்டாம்". படிவத்தில் யார் கையெழுத்து இருந்தாலும் அன்றைக்கு நிறுத்த வேண்டும்.

உங்களைப் பற்றியும் பேச வேண்டும். டிமென்ஷியா மருந்து ஆய்வுகளில் நோயாளியோடு ஒரு துணையும் சேர்வது வழக்கம். அம்மாவை நன்றாகத் தெரிந்தவராக, வாரத்தில் பல மணி நேரம் கூட இருப்பவராக இருக்க வேண்டும். அது நீங்கள்தான் போலிருக்கிறது. அவர் கணக்கு வழக்கு பார்க்கிறாரா, வழி தவறுகிறாரா, கோபப்படுகிறாரா என்று உங்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். ஒரு வருகை பாதி நாளைத் தின்றுவிடும். இரண்டு வருடம் இப்படி லீவு போட முடியுமா, உங்களுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் மாற்று யார் என்பதை அண்ணனோடு சேர்ந்து இப்போதே கணக்குப் போடுங்கள். வருகைகள் தாங்காமல் பாதியில் விலகும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஞாபகப் பரிசோதனை அறையில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டதும் அம்மா பதில் சொல்லாமல் தலையைத் திருப்பி உங்களைப் பார்ப்பார். உங்கள் வாய் தானாகப் பதிலைச் சொல்ல வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிடுவார்கள், அதுவும் நல்லதுதான். தெரியாத கேள்விகளாக அடுக்கும்போது அவமானமாக உணர்கிறவர்கள் உண்டு. "எல்லாருக்கும் கடைசிக் கேள்விகள் கஷ்டமாத்தான் இருக்கும், அப்படித்தான் வச்சிருக்காங்க" என்று முன்பே சொல்லி அழைத்துப் போங்கள். பொய் இல்லை, பல பரிசோதனைகளை அப்படித்தான் அமைக்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அடுத்தது. குறுகலான குழாய், டமடமவென்று இடிக்கும் சத்தம், அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சாதாரண ஆளுக்கே சங்கடம். மறதி உள்ளவருக்கு இன்னொரு சிக்கல்: பத்து நிமிடத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகலாம். சில இடங்களில் உலோகம் எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு உறவினரை உள்ளே விடுவார்கள். காலைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அந்தத் தொடுகை போதும். பேஸ்மேக்கர் மாதிரி எதாவது உடம்பில் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரத்தத்தில் மரபணு பார்ப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஏபிஓஇ4 என்ற மரபணு வகை அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, அமிலாய்டை அகற்றும் மருந்துகளால் மூளை வீக்கம் வரும் வாய்ப்பையும்தான். அம்மாவுக்கு அதில் இரண்டு பிரதி இருந்தால், உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒன்றாவது நிச்சயம். ஆக அம்மாவின் ரிப்போர்ட்டில் உங்கள் ரிப்போர்ட்டும் பாதி இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டுமா என்று வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். ஒருவருக்குத் தெரிய வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம் என்றால் முடிவை யாரிடம் சொல்வது என்பதையும் ஆய்வுக் குழுவிடம் பேசிவையுங்கள்.

சேர்ந்துவிட்டால் ஆய்வு அடையாள அட்டை ஒன்று தருவார்கள். அதன் போட்டோ உங்கள் போனிலும் அண்ணன் போனிலும் இருக்கட்டும். இது சின்ன விஷயம் இல்லை. அமிலாய்டு மருந்துகளால் வரும் மூளை வீக்கம் சில சமயம் பக்கவாதம் போலவே தெரியும். அவசரப் பிரிவில் பக்கவாதம் என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் மூளையில் பெரும் ரத்தக்கசிவு ஏற்படலாம், லெகனெமாப் எடுத்துக்கொண்ட ஒருவர் அப்படி இறந்தது மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வேறு மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வாக்கியமாக "இவங்க ஒரு மருந்து ஆய்வுல இருக்காங்க" என்று சொல்லுங்கள்.

மன அழுத்தம், மனச்சிதைவு போன்றவற்றுக்கான ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள், அதற்கும் இதேதானா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி இதேதான். ஒரு வித்தியாசம்: மன அழுத்த ஆய்வுகளில் போலி மருந்து பெறுபவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் நன்றாக முன்னேறுகிறார்கள். அடிக்கடி வந்து பேசுவது, கவனிப்பது, காலம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த விளைவு. மனச்சிதைவில் கதை வேறு. கட்டுப்பாட்டில் இருப்பவரின் மருந்தை ஆய்வுக்காக நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து நிஜம். அப்படி ஒரு ஆய்வாக இருந்தால் எந்த அறிகுறியைப் பார்த்ததும் ஆய்விலிருந்து எடுத்து மருந்தைத் தொடங்குவார்கள், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை கையெழுத்து வேண்டாம்.

மருந்தே வேண்டாம் என்று தோன்றினால் வேறு வகை ஆய்வுகளும் இருக்கின்றன. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை 1,260 பேரை வைத்து உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகள் வருடா வருடம் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டு, இறந்தபின் மூளையையும் தானம் செய்தார்கள். மூளை நிறைய அல்சைமரின் அடையாளங்கள் இருந்தும் கடைசிவரை புத்தி தெளிவாக இருந்தவர்கள் உண்டு என்பதை அவர்களும் நமக்குக் காட்டினார்கள். கேள்வித்தாள், ரத்தம், ஸ்கேன் மட்டும் உள்ள ஆய்வுகளில் ஆபத்து மிகக் குறைவு.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, மனநோயாளிகளைக் கேட்காமல் சோதித்த வரலாறு மருத்துவத்துக்கு உண்டு. நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவம் எல்லாம் வந்ததற்கு அப்படிப்பட்ட தவறுகள் ஒரு முக்கியக் காரணம். இடையில் முடிவுகளைப் பார்த்து ஆய்வை நிறுத்தச் சொல்லும் தனிக் கண்காணிப்புக் குழுவும் பல ஆய்வுகளில் உண்டு. அவரை வீட்டில் வாதாடி ஜெயிக்கப் பார்க்காமல் அடுத்த வருகைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்கட்டும்: இந்த ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்கிறீர்களா, எண் என்ன? நெறிமுறைக் குழு அனுமதித்த கடிதம் எங்கே? அம்மாவுக்கு ஆய்வால் கெடுதல் வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? மருந்து வேலை செய்தால் ஆய்வு முடிந்தபிறகும் அம்மாவுக்குக் கிடைக்குமா? நோயாளியைச் சேர்ப்பதற்கு டாக்டருக்கோ மருத்துவமனைக்கோ பணம் வருகிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும், அண்ணன் கேட்டுவிடுவார். நேர்மையான குழு எதற்கும் முகம் சுளிக்காது. சுளித்தால், அல்லது "இன்னிக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இடம் கிடைக்கும்" என்றால், படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.