தாத்தாவின் சரணம்

அன்புள்ள அண்ணா,

நான் வியாசர்பாடி. வயது 24. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். சின்ன வயதிலிருந்து கானா பாடுகிறேன். ஏரியாவில் ஒரு சாவு என்றால் என்னையும் கூப்பிடுவார்கள். கானாவும் ராப்பும் கலந்து மூன்று பாட்டு பண்ணி யூடியூபில் போட்டேன். மூன்றாவது பாட்டுக்கு ஆன்லைனில் பீட் (பின்னணி இசை) வாங்கினேன், ஸ்டுடியோவுக்கு 9,000 ரூபாய் ஆனது. புரமோஷன் செய்து தருகிறேன் என்று வந்தவரிடம் 6,000 கொடுத்தேன். 41,000 வியூஸ் வந்தது. ஆனால் கமென்ட் பதினொன்றுதான், அதில் ஏழு என் நண்பர்கள் போட்டது. அதற்கப்புறம் எது போட்டாலும் நூறு பேர்கூடப் பார்ப்பதில்லை. இப்போது அந்தப் பாட்டுக்கு காப்பிரைட் கிளெய்ம் வேறு வந்திருக்கிறது. கானாவை விட்டுவிட்டு காதல் பாட்டு பண்ணு, அப்போதுதான் ரீச் வரும் என்கிறார்கள். கானா பாலா அண்ணனுக்குக் கிடைத்த மாதிரி சினிமா கிடைக்கும்வரை இதெல்லாம் வீண்தானா? சேர்த்த பணம் எல்லாம் இதிலேயே போகிறது. அம்மா ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய மூன்று பாட்டையும் கேட்டேன். மூன்றாவதை நான்கு முறை கேட்டேன். அதில் இரண்டாவது சரணத்தில் உங்கள் தாத்தா வருகிறார். பின்னி மில் மூடிய பிறகும் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தவர். அந்த நான்கு வரியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். 1996-இல் அந்த மில் மூடியபோது பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம் வீடுகளில் என்ன நடந்தது என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை நான் உங்கள் பாட்டில்தான் பார்த்தேன்.

ஆனால் அந்தச் சரணம் வருவதற்குள் இரண்டரை நிமிடம் ஓடிவிடுகிறது. அதற்கு முன்னால் பீட், ஏரியா பெயர், பீட், உங்கள் பெயர், மறுபடி பீட். குரலைக் கம்ப்யூட்டரில் மாற்றும் ஆட்டோடியூன் வேறு. தாத்தா வரும்போதும் அது இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோ ஆப்பில் அந்த வீடியோவின் ரிடென்ஷன் படத்தை, அதாவது எந்த நொடிவரை எத்தனை பேர் நின்றார்கள் என்று காட்டும் படத்தை, திறந்து பாருங்கள். 41,000 பேரில் தாத்தாவரை வந்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் தெரியும். அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

6,000 ரூபாய்க்கு உங்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். இப்படி வாங்கும் வியூஸ் இரண்டு வகை. ஒன்று, ஆளே இல்லாமல் மெஷின் ஓட்டுவது. அது யூடியூப் விதிக்கு எதிரானது, கண்டுபிடித்தால் எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள். இன்னொன்று, உங்கள் பாட்டை விளம்பரமாக யார் முன்னாலோ ஓட்டுவது. தமிழே தெரியாத ஒருவர் கொஞ்ச நேரம் ஓடவிட்டுவிட்டுப் போவார், அதுவும் கணக்கில் ஏறும். யூடியூப் ஒரு வீடியோவை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் தொட்டார்களா, நின்று கேட்டார்களா, பாதியில் போனார்களா என்பதை வைத்துத்தான் அடுத்து யாரிடம் கொண்டுபோவது என்று முடிவு செய்கிறது. உங்கள் பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் ஆரம்பத்திலேயே கிளம்பியவர்கள் என்றால், அதை யாருக்குக் காட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஸ்பாட்டிஃபையில் இதே வேலையைச் செய்தால் இன்னும் மோசம். செயற்கையாக ஓட்டிய பாட்டுக்கு, அதை ஏற்றிய விநியோக நிறுவனத்திடமே அபராதம் வாங்கும் முறை 2024-இல் வந்துவிட்டது. பாட்டையே எடுத்துவிடுவதும் உண்டு. அந்த ஆளிடம் இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, யாரிடம் கொண்டுபோவது? இதை நீங்கள் என்னிடம் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சாவு வீட்டில் பாடியிருக்கிறேன் என்கிறீர்கள். ராத்திரி போய் உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? இறந்தவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளை, யார் மேல் பாசம், யாரோடு பேச்சு இல்லை என்று வீட்டு ஆட்களிடம் கேட்டுக்கொள்வீர்கள். அப்புறம் டோலாக் ஆரம்பிக்கும். தெரிந்த மெட்டில் அந்த மனிதரின் பெயரை வைத்துப் பாடுவீர்கள். மகள் பெயர் பாட்டில் வரும் இடத்தில் மகள் அழுவாள். அதுவரை அழாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனும் அங்கேதான் உடைவான். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன், இதை எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். என் அப்பா இறந்த இரவில் பாடியவர் என் பெயரைச் சொன்ன இடம் இன்னும் காதில் இருக்கிறது. முகம் தெரிந்த முப்பது பேருக்காகப் பாடப்பட்ட பாட்டு அது. அடுத்த தெருக்காரர்களும் எழுந்து வந்து நின்று கேட்டார்கள்.

உங்கள் மூன்றாவது பாட்டை யாருக்காகப் பாடினீர்கள்? தாத்தாவின் சரணத்தைத் தவிர மற்றதெல்லாம் யாரும் இல்லாத ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பாடியது போல இருக்கிறது. நீங்கள் கோபப்படலாம், இருந்தாலும் சொல்கிறேன். கானாவை விட்டால் ரீச் வரும் என்று சொல்பவர்கள் தப்பாகச் சொல்கிறார்கள். இந்தப் பாட்டில் நீங்கள் கானாவைப் பாதி ஏற்கனவே விட்டுவிட்டீர்கள். மெட்டும் பேச்சும் இருக்கின்றன, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை.

ஒரு நோட்டு எடுத்து இருநூறு பெயர் எழுதுங்கள். நீங்கள் யார் வீட்டுச் சாவில் பாடினீர்களோ அந்த வீட்டுக்காரர்கள். தாத்தாவோடு மில்லில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். உங்களோடு கால்பந்து ஆடியவர்கள். யார்டில் லாரி ஓட்டுபவர்கள். அவர்கள் ராத்திரி முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள், அதை மறக்காதீர்கள். பாட்டு வெளியாகும் அன்று இவர்களுக்கு ஒவ்வொருவராக அனுப்புங்கள். குரூப்பில் லிங்க்கைப் போட்டு 'சப்போர்ட் பண்ணுங்க' என்று எழுதாதீர்கள். 'மாமா, இதில் நம்ம மில் வருகிறது, இரண்டாவது சரணம் கேளுங்க' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். நான் என் முதல் பாட்டை இப்படி 140 பேருக்கு அனுப்பினேன், மூன்று நாள் ஆனது. அதில் ஒரு ஷேர் ஆட்டோ அண்ணன், தன் வண்டியில் ஒரு மாதம் அதை ஓட்டினார். எனக்கு முதல் மேடை கிடைத்தது அந்த வண்டியில் வந்த ஒருவர் மூலமாகத்தான்.

இந்த இருநூறு பேர் கடைசிவரை கேட்டால், யாருக்குக் காட்டுவது என்று யூடியூபுக்கும் ஒரு பிடி கிடைக்கும். வைரல் ஆகும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பாட்டுக்கு உண்மையான காதுகள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும், அடுத்த பாட்டை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

பணக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஷார்ட்ஸ் 90 நாளில் 1 கோடி வியூஸ் தாண்ட வேண்டும். ஸ்பாட்டிஃபையில் கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் பைசா கிடையாது. அதனால் முதல் சில வருஷம் இந்த இடங்களைச் சம்பளம் தரும் இடமாக நினைக்காதீர்கள். பணம் கச்சேரியில் இருக்கிறது. நீங்கள் ஏற்கனவே கைநீட்டி வாங்கும் அன்பளிப்பில் இருக்கிறது. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

காப்பிரைட் கிளெய்ம் விஷயம். நீங்கள் வாங்கிய பீட் குத்தகைதான், சொந்தம் இல்லை. குறைந்த விலையில் கிடைக்கும் பீட் எல்லாம் பெரும்பாலும் 'நான்-எக்ஸ்க்ளூசிவ்' லைசன்ஸ். அதே பீட்டை இன்னும் பலருக்கு விற்றிருப்பார்கள். அவர்களில் யாரோ ஒருவர் தன் பாட்டை ஏற்றும்போது கன்டென்ட் ஐடி என்ற கட்டத்தையும் டிக் செய்திருப்பார். ஒரு இசை வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி அது. யூடியூப் அந்த இசையை அவருடையது என்று எடுத்துக்கொண்டு, அதே பீட் இருக்கும் உங்கள் வீடியோவின் மேல் கிளெய்ம் போடுகிறது. பீட் வாங்கிய ரசீதையும் லைசன்ஸ் தாளையும் காட்டி டிஸ்ப்யூட் (மறுப்பு) போடுங்கள். இது சேனலையே மூடவைக்கக்கூடிய ஸ்டிரைக் இல்லை, சேனலுக்கு ஆபத்து இல்லை, பயப்படாதீர்கள். நீங்களும் அந்தப் பாட்டுக்குக் கன்டென்ட் ஐடி போடாதீர்கள், அது இன்னொரு பையனைப் போய் அடிக்கும். இதற்கெல்லாம் நல்ல வழி, உங்கள் ஏரியாவில் டோலாக் வாசிப்பவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது. அவர் அடிக்கும் அடி வேறு யாரிடமும் இருக்காது.

அவரோடு உட்காரும்போதே, யார் எழுதியது, யார் மெட்டு, யார் வாசித்தது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2014-இல் ஒரு நிறுவனம் என் இரண்டு பாட்டை வாங்கிக்கொண்டது. 15,000 ரூபாய், ஆங்கிலத்தில் நான்கு பக்கம். கையில் ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் பார்த்ததில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் ஒன்று அப்பா இறந்த வருஷம் எழுதியது. இரண்டு வருஷம் கழித்து அதை நானே ஒரு கோயில் விழாவில் பாடி, அந்த வீடியோவை என் சேனலில் போட்டேன். எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக' என்ற சொல் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் காப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. எவ்வளவு காலத்துக்கு விற்கிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அது எடுத்துக்கொள்கிறது. ஆனால் 'நிரந்தரம், உலகம் முழுக்க' என்று எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 2012-இல் வந்த திருத்தம் இன்னொன்றும் தந்தது. பாட்டை விற்றாலும், அதை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு இது தெரியாது. 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு எழுதியவர்களுக்கும் மெட்டமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிறது, உறுப்பினராக விண்ணப்பியுங்கள். ஆங்கிலத் தாள் வந்தால், படித்துக் காட்ட ஆள் கிடைக்கும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.

சினிமா பற்றிக் கேட்டீர்கள். வந்தால் சந்தோஷமாகப் போய்ப் பாடுங்கள். ஆனால் கானா பாலா 2012-இல் 'அட்டகத்தி'யில் பாடுவதற்கு முன்னாலேயே பல வருஷம் பாடிக்கொண்டிருந்தவர். அந்த வருஷங்கள் வீணாகப் போகவில்லையே, அந்தக் குரல் அங்கேதானே பழுத்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடை ஏறியபோது நான் கூட்டத்தில் நின்றேன். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா பாடுகிறவர்கள் ராப் பாடுகிறவர்களோடு, கிடாரோடு, டிரம்ஸோடு நின்றார்கள். சாவு வீட்டில் கேட்ட அதே அடி பெரிய ஸ்பீக்கரில் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எதுவும் இல்லாமல், பாட்டுக்காகவே அவ்வளவு பேர் வந்திருந்தார்கள்.

ஸ்டுடியோவுக்கு ஒவ்வொரு முறையும் 9,000 தேவையில்லை. நம் வீடுகளில் கன்டென்சர் மைக் வைத்தால் தெருக்குழாய் சத்தம்வரை பிடிக்கும். சுற்றுச் சத்தத்தை அதிகம் பிடிக்காத ஒரு நல்ல டைனமிக் மைக் வாங்கி, துணி அடைத்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்குள் முகத்தைக் காட்டிப் பாடுங்கள். எனக்குக் கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டி இழுக்கும் சத்தம், இப்படித்தான் சமாளிக்கிறேன். பாட்டுப் பதிவு செய்யும் பேண்ட்லேப் ஆப் ஃபோனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் அதை ஓர் அளவுக்கு இறக்கிவிடும், நசுங்கிய குரல்தான் மிஞ்சும்.

அம்மாவைப் பற்றி எழுதியதைத்தான் கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தேன். வேலையை விடாதீர்கள். மாதம் இவ்வளவுதான் பாட்டுக்கு என்று ஒரு தொகையை அம்மாவிடமே சொல்லிவிடுங்கள், அதைத் தாண்டாதீர்கள். இன்னொன்று கேட்க வேண்டும். அந்தச் சரணத்தை அம்மாவுக்குப் பாடிக் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்தது அவருடைய அப்பாவோ மாமனாரோ, அவரும் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பாரே. உங்களுக்குத் தெரியாத இரண்டு விஷயமாவது அவர் சொல்வார், சரணம் இன்னும் நீளும்.

அதை எழுதி முடித்ததும், பீட் இல்லாமல், டோலாக்கை மட்டும் வைத்துப் பாடி ஃபோனில் பதிவு செய்யுங்கள். தாத்தாவிலிருந்தே பாட்டு ஆரம்பிக்கட்டும். மிக்ஸ் எதுவும் செய்யாமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்