கடைவரிசை மஞ்சளுக்கு ஏன் தண்ணீர் எட்டவில்லை?

கேள்வி: மஞ்சளுக்கு இன்லைன் டிரிப் (குழாய்க்குள்ளேயே டிரிப்பர் பதித்த சொட்டுநீர்) போட்டு மூன்று வருசம் ஆகிறது. போர் தண்ணீர்தான். கடைவரிசை வாடுகிறது. வேளாண் பொறியியல் படிக்கும் மகள், ஏதோ அமெரிக்கச் சங்கத்துக் கணக்குப்படி அளந்து பார்க்கச் சொல்கிறாள். அது என்ன சங்கம்? எப்படி அளப்பது?
– வாசகர், கவுந்தப்பாடி

பதில்: வேளாண், உயிரியல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம் அது. 1907-ல் மேடிசன் நகரில் தொடங்கியது. ‘உயிரியல்’ பெயரில் சேர்ந்தது 2005-ல்தான். உங்களுக்கும் அறிமுகமானதுதான்: டிராக்டரின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டின், நிமிடத்துக்கு 540 சுற்று அவர்கள் வகுத்த அளவு. மகள் சொல்லும் கணக்கு, எல்லா டிரிப்பரிலும் தண்ணீர் சமமாக வருகிறதா என்று பார்ப்பது. அதைப் பாசனப் பொறியாளர்கள் கெல்லரும் கார்மெலியும் 1974-ல் அந்தச் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார்கள்.

சப்மெயினின் (வரிசைகளுக்குத் தண்ணீர் பிரிக்கும் குழாய்) தலை, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி என நான்கு லேட்டரல்களை (செடி வரிசையில் ஓடும் டிரிப் குழாய்) எடுங்கள். ஒவ்வொன்றிலும் அதேபோல் நான்கு இடம். ஆக 16 டம்ளர். இன்லைனில் தண்ணீர் குழாயின் அடியிலேயே வழிந்து ஓடிவிடும். துளைக்கு இரு பக்கமும் சணல் சுற்றி முனையைத் தொங்கவிட்டால் டம்ளரில் விழும். சரியாக 3 நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் 200 மில்லி வரணும்.

குறைவாக வந்த நான்கின் சராசரியை 16-ன் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 16-ன் சராசரி 180, குறைந்த நான்கின் சராசரி 117 என்றால் 65 சதவீதம். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. 70-க்குக் கீழே போனால் கை வைத்தே ஆகணும்.

சதவீதத்தைவிட, எந்த டம்ளர் குறைந்தது என்பதுதான் முக்கியம். எல்லா லேட்டரலிலும் வால்பகுதி மட்டும் குறைந்தால், லேட்டரல் நீளம் அதிகம் அல்லது உள்ளே வண்டல். எண்ட் கேப்பை (குழாயின் முனை மூடி) கழற்றி, நாலைந்து லேட்டரலாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். கடைசி லேட்டரல் முழுக்கக் குறைந்தால் சப்மெயினில் அழுத்தம் போதவில்லை. முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு. குழாயைக் கீறி, உள்ளே இருக்கும் வெள்ளைப் படிவில் ஒரு சொட்டு ஆசிட் விடுங்கள், பொங்கினால் சுண்ணாம்பு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் இது சகஜம். அதே தண்ணீரில் டிஏபி உரம் கரைத்து விட்டால் இன்னும் சீக்கிரம் அடைக்கும்.

சுண்ணாம்பு என்றால், 10 லிட்டர் வாளித் தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் ஆசிடை மில்லி மில்லியாக விட்டு, பிஎச் காகிதம் 4 காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே விகிதத்தில் வென்சுரி (உரத்தை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் கருவி) வழியாக ஆசிடை விட்டு, அது கடைசி டிரிப்பர் வரை போனதும் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் கழித்து எண்ட் கேப்பைத் திறந்து அலசுங்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிடை ஊற்றணும். பாசிக்காக விடும் குளோரினை அன்றைக்குத் தொடவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. மறுபடி 16 டம்ளர் பிடித்துப் பாருங்கள்.