"சும்மா ஸ்லாகிங்தான்" என்று சொன்னால் கோபப்பட வேண்டுமா?

தம்பி, அயர்லாந்தின் கார்க் நகரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் என்கிறீர்கள். மதியம் மூன்றடுக்கு கேரியரைத் திறந்தபோது பக்கத்து சீட்காரர் "இன்றைக்கு இந்த மாடிக்கே சாப்பாடு போடப் போகிறாயா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் முகம் வாடியதும் "சும்மா ஸ்லாகிங்தான்" என்றாராம். அகராதியில் 'பிறரை இழிவாகப் பேசுதல்' என்று இருக்கவே, என்னைப் பிடிக்கவில்லையோ என்று கேட்கிறீர்கள்.

பிடித்துப்போய்விட்டது என்றுதான் நான் சொல்வேன். அகராதி தரும் பொருள் இங்கிலாந்து வழக்கு. 'ஸ்லாக் ஆஃப்' என்றால் ஒருவரைக் கழுவி ஊற்றுவது, பெரும்பாலும் அவர் முதுகுக்குப் பின்னால். அயர்லாந்தில் அந்த 'ஆஃப்' இல்லாத வெறும் 'ஸ்லாகிங்' நம் ஊர் கலாய்ப்புதான். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, திருப்பி நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருப்பார்கள். தலைநகர் டப்ளின்காரர் கிராமத்துக்காரரை 'கல்ச்சி' (பட்டிக்காட்டான்) என்பார், அவர் 'ஜாக்கீன்' (டப்ளின்காரரைக் கிண்டல் செய்யும் பெயர்) என்று திருப்பிக் கொடுப்பார். நடுவில் கார்க்காரர் எங்கள் ஊர்தான் உண்மையான தலைநகரம் என்பார். பழகாத ஆளிடம் இப்படியெல்லாம் பேச மாட்டார்கள், மழையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இது எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது. டப்ளினில் முதல் வருடம், மே மாதத்தில் தடித்த ஜாக்கெட்டோடு போனேன். "தென் துருவத்துக்கா கிளம்பிவிட்டாய்?" என்று கூட வேலை செய்த ஒரு அம்மா கேட்டார். அன்றிலிருந்து டீ அறைப் பக்கமே நான் போகவில்லை. ஜனவரியில் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது, கேட்காமலே என் ஷிப்டை எடுத்துக்கொண்டது அதே அம்மாதான். அவரோடு பேசாமல் விட்ட அந்த மாதங்களை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துப் போகச் சொல்லவில்லை. உங்கள் நிறத்தையோ மதத்தையோ பிறந்த நாட்டையோ இழிவாகப் பேசிவிட்டு 'ஸ்லாகிங்' என்று சிரித்தால் விடாதீர்கள். 1998-ஆம் ஆண்டு வந்த வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் இருக்கிறது. தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். முதலில் ஆபீஸில் எழுத்தில் கொடுங்கள். வேலையிடப் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான ஒர்க்பிளேஸ் ரிலேஷன்ஸ் கமிஷனுக்குப் போவதென்றால், சம்பவம் நடந்ததிலிருந்து பொதுவாக 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

அப்புறம், இந்தச் சொல்லை நீங்கள் இப்போதைக்கு வாயில் எடுக்க வேண்டாம். 'ஸ்லாக்' என்று பெயர்ச்சொல்லாக வந்துவிட்டால் அது பெண்களைக் கேவலப்படுத்தும் வசவு. லண்டன் ஆட்களோடு மீட்டிங்கில் தவறி வந்தால் சமாளிப்பது கஷ்டம். மேலாளரையோ வேறு யாரையோ 'ஸ்லாக் ஆஃப்' செய்யும் பேச்சு ஆரம்பித்தால், கப்பைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுங்கள்.

நாளைக்கு அவர் கேரியரைப் பற்றி மறுபடி ஏதாவது சொன்னால், "உங்கள் சாண்ட்விச்சைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் கூடக் கொண்டுவந்தேன்" என்று ஒரு அடுக்கை அவர் பக்கம் நகர்த்திப் பாருங்கள், தம்பி. என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.