ஜிகினா வாழ்த்து அட்டை: ஓரம் கசிவது ஏன், தூள் உதிர்வது ஏன்?

கேள்வி: உறவுக்காரர்களுக்கு அனுப்ப 40 வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்டென்சில் (எழுத்து வடிவம் வெட்டிய தகடு) வைத்துப் பசை தடவி ஜிகினாத் தூளைத் தூவுகிறேன். ஆனால் எழுத்தின் ஓரமெல்லாம் கசிந்து தடித்துப்போகிறது. காய்ந்த பிறகும் தூள் உதிர்கிறது, உறைக்குள் கொட்டுகிறது. அட்டையும் வளைந்துகொள்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: மூன்று புகார் சொல்கிறீர்கள், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பசை அதிகம், அதில் தண்ணீரும் அதிகம். நீர்த்த பசை ஸ்டென்சிலுக்கும் அட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளிக்குள் தானாகவே ஊறிப் போகும். எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் நிற்காது. அதே தண்ணீர் அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்து உப்ப வைக்கிறது. பிறகு பசை காய்ந்து சுருங்கும்போது அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. மேலே தடியாக நிற்கும் பசையில் தூள் பாதி மூழ்கி மங்கிவிடும். பளபளப்பு போதவில்லை என்று இன்னொரு கை தூவுவோம். அந்தத் தூள் உட்காருவது பசையின் மேல் அல்ல, தூளின் மேல்தான். உறைக்குள் கொட்டுவது அதுதான்.

பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசையையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தண்ணீர் கலக்காதீர்கள். ஒரு குச்சியில் எடுத்துக் கவிழ்த்தால் சொட்டக் கூடாது. அதுதான் பதம். சொட்டினால் ஒரு தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் காற்றாட விட்டு, ஆடை படியாமல் இடையிடையே கலக்குங்கள்.

அட்டை 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். 180-க்குக் கீழே போனால் நல்ல பசைக்கும் வளையும். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105 × 148 மி.மீ. அட்டை கிடைக்கும். 40 அட்டைக்கு 20 தாள் போதும். கெட்டுப்போவதற்கு மூன்று சேர்த்து வாங்குங்கள். 114 × 162 மி.மீ. அளவுள்ள சி6 உறை இதற்குச் சரியாகப் பொருந்தும். வெட்டும் முன் தாளை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோடு போகும் வாக்கில்தான் தாளின் இழை ஓடுகிறது. மடிப்பு இழையோடு போனால் சுத்தமாக விழும். குறுக்கே போனால் மடிப்பில் வெடிப்பு காணும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். மடித்த பிறகு மறுபடி விரித்து வைத்து வேலை செய்யுங்கள். மடித்த நிலையில் பசை தடவினால் கீழ்ப்பக்கம் சமமாக இருக்காது, ஸ்டென்சிலும் ஒட்டிப் படியாது.

ஸ்டென்சிலைக் கடையில் வாங்கலாம். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் பெரும்பாலும் நீங்களே வெட்ட வேண்டிவரும். 0.1 மி.மீ. தடிமனுள்ள ஓ.எச்.பி. ஷீட் எனும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் இதற்கு ஏற்றது. ‘வாழ்த்துகள்’ என்று வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். ‘வ’வின் சுழிக்குள் இருக்கும் சின்ன வெள்ளை இடம் தனியாகக் கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள 1.5 முதல் 2 மி.மீ. அகலத்தில் ஒரு பாலம் விடுங்கள். இதைவிட மெல்லிய பாலம் பத்தாவது அட்டைக்குள் கிழியும். புள்ளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை வெறும் துளைதான். ஆனால் கத்தியால் வட்டம் வராது, பஞ்சிங் கருவியால் குத்துங்கள். எழுத்தின் கோடு 3 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால்தான் ஜிகினாவில் படிக்க முடியும்.

இனி முக்கியமான கட்டம். ஸ்டென்சிலின் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப்பை முதலில் துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பிசுபிசுப்பு குறைந்து அட்டையை உரிக்காது. 5 செ.மீ. சதுரத்துக்குள் அடங்கும் வடிவத்துக்குப் பட்டாணி அளவு பசை போதும். அதை ஸ்டென்சிலின் ஒரு ஓரத்தில் வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். மிஞ்சினால் திரும்ப ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஸ்டென்சிலின் தடிமன் அளவுக்கே பசை படியும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். தூரிகை வேண்டவே வேண்டாம். அதன் மயிர் ஓரத்துக்கு அடியில் நுழைந்து பசையைத் தள்ளிவிடும். ஸ்பாஞ்சு பரவாயில்லை, ஆனால் தேய்க்காமல் நேர் செங்குத்தாக ஒற்ற வேண்டும்.

பசை ஈரமாக இருக்கும்போதே ஸ்டென்சிலை எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் பசைப்படலமும் ஓரத்தோடு பிய்ந்து வரும். ஒரு பக்க டேப்பை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றி, கதவு திறப்பதுபோல் மெதுவாகத் தூக்குங்கள். பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகிவிடும். எடுத்த ஒரு நிமிடத்துக்குள் தூளைத் தூவுங்கள். இவ்வளவு மெல்லிய பசை சீக்கிரம் ஆடை கட்டும். அதன் பிறகு தூவினால் திட்டுத் திட்டாக வழுக்கை விழும்.

தூளில் 0.2 மி.மீ. அளவுள்ள நைஸ் ரகம் வாங்குங்கள். ஒவ்வொரு துகளும் அறுகோணமாக வெட்டிய பிளாஸ்டிக் படலம். மெல்லிய பசையில் அது தட்டையாகப் படுத்துக்கொள்ளும். 1 மி.மீ. பெரிய துகளுக்கு இந்தப் பசை போதாது, விளிம்பில் மட்டும் பிடித்து நின்று விரல் பட்டால் விழும். தாராளமாகக் கொட்டி, மேலே பட்டர் பேப்பர் வைத்து விரலால் ஒருமுறை மெல்ல அழுத்திவிட்டு, மடிப்பு விழுந்த தாளின் மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். மிச்சத்தை அந்த மடிப்பு வழியாகவே டப்பாவில் திரும்பக் கொட்டிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் 40 அட்டைக்கு 25 கிராம் தூள் தாங்கும். வாயால் ஊதாதீர்கள், கண்ணில் விழுந்தால் உறுத்தி ரணமாக்கும்.

இரண்டு நிறம் என்றால் முதல் நிறம் முழுதாகக் காய்ந்து, உதிரித் தூளைத் துடைத்த பிறகே இரண்டாவது. அவசரப்பட்டால் சிவப்புக்குள் பச்சை தெரியும்.

ஐந்தாறு அட்டைக்கு ஒருமுறை ஸ்டென்சிலை ஈரத்துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் பசை ஓரத்தில் படிந்து துளைகள் சிறுத்துக்கொண்டே போகும், அடிப்பக்கப் பசை அடுத்த அட்டையில் கறையாகும். துடைத்த துணியைத் தொட்டியில் அலச வேண்டாம். பிளாஸ்டிக் தூள் தண்ணீரோடு போய்ச் சேரும். துணியை முதலில் நனைத்த காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

தொட்டால் ஒட்டாத நிலைக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் உதிரித் தூளைத் துடைக்க ஒரு நாள் பொறுங்கள். மென்மையான, காய்ந்த தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். பசை இல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டு வராத துகள்கள் நிலைமின்னேற்றத்தால் நிற்பவை. மாஸ்கிங் டேப்பை லேசாக ஒற்றி எடுத்தால் வந்துவிடும். இன்னும் பயமாக இருந்தால் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து ஹேர்ஸ்ப்ரே ஒரே வீச்சு. நனையும் அளவுக்கு அடித்தால் பளபளப்பு போய்விடும். உள்ளே மைப்பேனாவால் எழுதுவது இதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே வளைந்த அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். முழுதாகக் காய்ந்ததும் பட்டர் பேப்பர் மூடி, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். கசிந்த எழுத்தைத் திருத்த முடியாது. அதன் மேல் வேறு அட்டையில் செய்த வடிவத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். உறையில் போடும்போது முகப்பின் மேல் ஒரு டிஷ்யூ தாள் வைத்து அனுப்புங்கள்.