மேஃப்ளவரில் போனவர்கள் எல்லோரும் பக்தர்களா?

கேள்வி: இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறப் போனவர்கள் மதத்துக்காகத்தானே போனார்கள்?

பதில்: சிலர் மட்டும். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் போன 102 பேரில், இங்கிலாந்து திருச்சபையை விட்டு விலகியவர்கள் பாதிகூட இல்லை. அவர்களும் நேராக அமெரிக்கா போகவில்லை. ஹாலந்தின் லைடன் நகரில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தார்கள். அங்கே வழிபாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் கையில் காசு தங்கவில்லை, பிள்ளைகள் வேறு டச்சுக்காரர்களாகவே வளர்ந்துவிடுவார்களோ என்ற பயம். கப்பல் செலவுக்குப் பணம் போட்டது லாபம் எதிர்பார்த்த லண்டன் வியாபாரிகள்.

கேள்வி: அரசர் ஒன்றும் கொடுக்கவில்லையா?

பதில்: சாசனம் கொடுத்தார். 1606-இல் முதலாம் ஜேம்ஸ் கொடுத்த சாசனத்தோடு அமெரிக்காவில் குடியேற்றம் அமைக்க வர்ஜீனியா கம்பெனி பங்குதாரர்களின் பணத்தில் இறங்கியது. அதன் பொருளாளர் தாமஸ் ஸ்மித். நமக்கு வேண்டப்பட்டவர்தான்: 1600-இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னரும் இவரே! கம்பெனி அமெரிக்காவில் அமைத்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் தேடிய தங்கம் கிடைக்கவில்லை. 1609-10 குளிர்காலத்தில் பெரும்பாலோர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். அப்புறம் ஜான் ரால்ஃப் பயிரிட்ட புகையிலைதான் அந்தக் குடியேற்றத்தைக் காப்பாற்றியது. கம்பெனியைக் காப்பாற்றவில்லை, 1624-இல் சாசனம் பறிபோனது.

கேள்வி: இங்கிலாந்து திருச்சபை இன்னும் சீர்திருந்த வேண்டும் என்ற பியூரிட்டன்கள் 1630-இல் திடீரென்று கூட்டம் கூட்டமாகக் கிளம்பியது ஏன்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதில் அரசியல், மதம், பணம் மூன்றையும் பிரிக்கவே முடியாது. 1629-இல் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, பதினோரு வருடம் அது இல்லாமலே ஆண்டார். அதன் ஒப்புதல் இல்லாமலே வரி வசூலித்தார். 1633-இல் பேராயரான வில்லியம் லாட் பியூரிட்டன் போதகர்களை நெருக்கினார். அவர்கள் நிறையப் பேர் இருந்த கிழக்கு மாவட்டங்களில் துணி வியாபாரமும் படுத்துக் கிடந்தது. சுமார் பத்து வருடத்தில் ஏறக்குறைய 20,000 பேர் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக்குப் போனார்கள். 1640-இல் நாடாளுமன்றம் மறுபடி கூடியது. குடியேற்றமும் சட்டென்று வற்றியது. வெறும் பக்தி என்றால் இப்படியா நிற்கும்?

கேள்வி: போன இடத்தில் எல்லோருக்கும் மதச் சுதந்திரம் கொடுத்தார்களா?

பதில்: தங்களுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாற்றுக் கருத்து சொன்ன ரோஜர் வில்லியம்ஸை மாசசூசெட்ஸிலிருந்து துரத்தினார்கள். அவர் போய் ராட் ஐலண்டில் பிராவிடன்ஸ் நகரை உருவாக்கினார். க்வேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டையர் என்ற பெண்ணை 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.