வாங்கும் முன் ஒரு வார்த்தை: லேத் டூலும் சாணையும்

கேள்வி: ஓய்வு பெற்றபின் பழைய நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வாங்கிப் போட்டேன். ஆன்லைனில் 11 கார்பைடு டூல் கொண்ட செட் 1,400 ரூபாய்க்கு வந்தது. ஒன்றுகூட வெட்டவில்லை. ராடைத் தேய்த்துக் கீச்சிடுகிறது. லேத்தில் கோளாறா?
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பதில்: லேத் பாவம், அதை விட்டுவிடுங்கள். பெயின்ட் அடித்து, நுனியில் கார்பைடு என்ற மிகக் கடினமான துண்டைப் பற்றவைத்த அந்தப் பெட்டி என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதில் மூன்று டூலில் மட்டும்தான் பெயின்ட் உரிந்திருக்கிறது. இந்த மலிவு செட்டுகள் பெரும்பாலும் ஒழுங்காகச் சாணை பிடிக்காமலே வருகின்றன. டூலைக் கண்ணுக்கு நேரே பக்கவாட்டில் பிடித்து நுனிக்குக் கீழே பாருங்கள். முகம் கீழே போகப் போக உள்வாங்க வேண்டும். நேராக நின்றாலோ அடி இரும்பு துருத்திக்கொண்டிருந்தாலோ, வெட்டும் விளிம்புக்கு முன்னால் அடிப்பாகம் ராடில் முட்டிவிடும். அந்தக் கீச்சு அங்கிருந்துதான் வருகிறது.

சரிசெய்யப் பச்சை வீல், அதாவது சிலிக்கான் கார்பைடு வீல் வேண்டும். கிரைண்டரோடு வரும் சாம்பல் வீலில் கார்பைடு சரியாக அரைபடாது, சூடுதான் ஏறும். சூடான கார்பைடைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும்.

அதிருக்கட்டும், இந்த லேத்துக்குக் கார்பைடே எதற்கு? 25 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) ராடை எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற எஃகு) டூலால் கடைய நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் வேகம் போதும். ராடைப் பிடிக்கும் சக் நிமிடத்துக்கு 320 சுற்று சுற்றினால் சரி. கார்பைடுக்கு 100 மீட்டராவது கொடுத்தால்தான் அதன் குணம் தெரியும், அது 1,270 சுற்று. பெல்ட்டில் ஓடும் பழைய லேத்துகள் பலவற்றில் அந்த வேகமே கிடையாது.

3/8 அங்குல எச்.எஸ்.எஸ். பிட் (நாமே சாணை பிடித்துக்கொள்ளும் டூல் துண்டு) இரண்டும் நல்ல பெஞ்ச் கிரைண்டர் ஒன்றும் வாங்குங்கள். முன்னாலும் பக்கத்திலும் 8 முதல் 10 டிகிரி கிளியரன்ஸ் (ராடில் முட்டாமல் உள்வாங்கும் சாய்வு), மேல்முகத்தில் பக்கவாட்டாக 12 டிகிரி சாய்வு. மூக்கை எண்ணெய்க் கல்லில் லேசாக உருட்டிவிடுங்கள். டர்னிங் (சுற்றளவைக் கடைவது), பேசிங் (முனையைத் தட்டையாக்குவது) இரண்டும் அதிலேயே நடக்கும். இரண்டாவது பிட் கெடுத்துப் பழக.

கேள்வி: சாணை பிடிக்கும்போது எச்.எஸ்.எஸ். டூலின் நுனி நீலமாகிவிட்டது. தூக்கிப் போடவா?
*கஞ்சிக்கோடு*

பதில்: வேண்டாம். நீலம் வருவது 300 டிகிரி பக்கத்தில். எச்.எஸ்.எஸ். 600 டிகிரி வரை தாங்கும்.

கேள்வி: ஆறு மாதம் முன்பு கோவை உக்கடம் பக்கம் ஒரு கடையில் பழைய கிரைண்டர் வாங்கினேன். பில் இல்லை, கடைப் பெயரும் ஞாபகமில்லை. வீல் ஆடுகிறது. யாரிடம் புகார் செய்வது?
*வண்டித்தாவளம்*

பதில்: பில் இல்லை, பெயர் இல்லை, ஆறு மாதம் பேச்சும் இல்லை. உக்கடத்தின் மேலேயா புகார் எழுதுவது? வாங்கும்போதே ஸ்விட்சைப் போட்டுப் பார்த்திருந்தால் ஆட்டம் அங்கேயே தெரிந்திருக்கும்.

அதை இனி ஓட்டாதீர்கள். வீலைக் கழற்றி, துளையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல வீல், மொத்தென்றால் விரிசல். புது வீல் வாங்கினால் அதில் அச்சிட்ட வேகம் உங்கள் மோட்டாரின் வேகத்தைவிடக் குறையக் கூடாது. இந்த முறை பில் வாங்குங்கள்.

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்த மகனுக்கு வீட்டிலேயே சின்ன லேத் போட்டுக் கொடுத்தோம். போன வாரம் கோவையில் ஒரு கடையில் ‘கோபால்ட்’ பிட் (கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ்.) பத்து வாங்கினோம். பில்லோடு 3,600 ரூபாய். முதல் வெட்டிலேயே நுனி மழுங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லின் அடியில் இருப்பதைக் காட்டுகிறார்கள். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாதாமே?
*ஒரு தாய், வேலந்தாவளம்*

பதில்: போகலாம் அம்மா. முதலில் பிட்டைச் சோதித்துவிடுவோம். அந்தப் பிட், நல்லதென்று தெரிந்த எச்.எஸ்.எஸ். பிட் ஒன்று, பழைய அரம் ஒன்று, மூன்றையும் மகன் சாணையில் லேசாகத் தொட்டுப் பார்க்கட்டும். எச்.எஸ்.எஸ். பொறி மங்கின சிவப்பில், கொஞ்சமாக, நேர்க்கோடாகப் போகும். அரத்தின் பொறி வெளுத்த மஞ்சளாக, மத்தாப்பூ மாதிரி வெடிக்கும். உங்கள் பிட்டும் மத்தாப்பூ விட்டால் அது வெறும் கார்பன் எஃகு, மேலே என்ன பெயர் பொறித்திருந்தாலும் சரி. கோபால்ட் எத்தனை சதவீதம் என்று பொறி சொல்லாது. எச்.எஸ்.எஸ்.ஸே இல்லை என்றால் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் பிட்டின் பக்கத்தில் அரத்தைப் போட்டுப் பாருங்கள். வழுக்க வேண்டும். கடித்தால் பதம் சரியில்லை. எல்லாவற்றையும் மொபைலில் படம் பிடியுங்கள். நாலைந்து பிட்டைத் தொடாமல் அப்படியே வையுங்கள்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். மூன்று தாடையும் மூன்று திசை பார்க்கிற ட்ரில் சக் ஒன்றை என் தலையில் கட்டியவரும் இதே வரியைத்தான் விரல் வைத்துக் காட்டினார். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதில் எழுதியே இருக்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான். நிறம் பிடிக்கவில்லை என்று சேலையைத் திருப்பினால் கடைக்காரர் மறுக்கட்டும், அது வேறு கதை. கோபால்ட் என்று சொல்லிக் கண்ட இரும்பைக் கொடுத்துவிட்டு, பில் புத்தகம் அச்சடித்தவரிடம் சொல்லி ஒரு வரி சேர்த்தால் பாராளுமன்றம் போட்ட சட்டம் செல்லாமல் போய்விடுமா? கடைக்குக் கடை இதை அச்சடிக்கிறார்கள், நாமும் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு வருகிறோம்.

தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது பாதிதான் உண்மை. வாணிபத்துக்கு வாங்கியவருக்குத்தான் அது. சொந்த உழைப்பில், சுயதொழிலாகப் பிழைக்க வாங்கியவர் நுகர்வோர்தான். உங்கள் மகனே நின்று கடைகிறான், அதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். கடை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில் என்று மலைக்க வேண்டாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே, உங்களுக்குப் பாலக்காட்டு நுகர்வோர் ஆணையத்தில், வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் கடைக்குத் தபாலில் ஒரு கடிதம், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன். பல கடைகள் அதிலேயே வழிக்கு வரும்.

கேள்வி: பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான் சி.என்.எம்.ஜி. இன்சர்ட் (ஹோல்டரில் மாட்டிக் கழற்றும் கார்பைடு துண்டு) ஒரு பெட்டி சும்மா கொடுத்தார். ஹோல்டர் வாங்கலாமா? என்னுடையது மேசை மேல் வைக்கும் லேத்.
*கோவிந்தாபுரம்*

பதில்: ஓசி இன்சர்ட்டுக்காகக் காசு கொடுத்து ஹோல்டரா? பெயரில் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். ‘என்’ என்றால் இன்சர்ட்டில் கிளியரன்ஸ் பூஜ்யம். ஹோல்டரில் சாய்த்துத்தான் பொருத்துவார்கள், அழுத்தம் அதிகம் கேட்கும். சின்ன லேத் நடுங்கும். ‘சி’ என்றால் 7 டிகிரி. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சி.சி.எம்.டி.

கேள்வி: இரும்பில் நன்றாக வெட்டும் டூல் பித்தளையில் உள்ளே இழுத்துக்கொண்டு குத்துகிறது.
*மீனாட்சிபுரம்*

பதில்: மேல்முகச் சாய்வை எடுத்துத் தட்டையாக்குங்கள்.

கேள்வி: டூல் நுனி சென்டர் உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு கேஜ் விற்கிறார்கள். வாங்கலாமா?
*கோபாலபுரம்*

பதில்: காசை மிச்சம் பிடியுங்கள். லேத்தை நிறுத்திவிட்டு, ராடுக்கும் டூல் நுனிக்கும் நடுவில் மெல்லிய ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை வைத்து லேசாக நெருக்குங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, ராடின் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. தாழ்ந்த டூலை உயர்த்த அடியில் வைக்க உடைந்த ஹாக்சா பிளேடு போதும், பல்லைச் சாணையில் எடுத்துவிட்டு.

கேள்வி: சாணை பிடிக்கும்போது கை சுடுகிறது. எந்தக் கையுறை நல்லது?
*வாளையார்*

பதில்: எதுவும் வேண்டாம். வீல் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். எச்.எஸ்.எஸ். என்றால் சுடும் முன்பே தண்ணீரில் முக்கி முக்கி எடுங்கள். அந்தக் காசுக்குக் கண்ணாடி வாங்குங்கள். டூல் ரெஸ்டுக்கும் வீலுக்கும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள். வீல் தேயத் தேய ரெஸ்டை நகர்த்தத்தான் அதில் போல்ட் வைத்திருக்கிறார்கள்.