பழைய அரசு அடுக்குமாடிகளை இடித்துப் புதிதாகக் கட்டினால் அந்தப் பகுதியின் வறுமை தீருமா?

வீடு மாறும், வறுமை தானாகத் தீராது. அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் உள்ள பாலிமன் என்ற அரசுக் குடியிருப்புப் பகுதியைப் பாருங்கள். 1960களின் பிற்பகுதியில் எழுந்த ஏழு 15 மாடிக் கோபுரங்கள். லிஃப்ட் அடிக்கடி பழுதாகும், கடைகளும் வேலையும் குறைவு. 1985 வாக்கில், வசதியுள்ளவர்கள் வெளியே வீடு வாங்க அரசே மானியம் கொடுத்தது. சம்பாதிப்பவர்கள் கிளம்பிவிட, ஏழ்மை இன்னும் திரண்டது. (கெடுத்ததில் அரசுக்கும் பங்கு உண்டு!)

1997இல் மறுசீரமைப்புக்குத் தனி நிறுவனமே அமைத்தார்கள். 2004இல் தொடங்கி 2015க்குள் ஏழு கோபுரங்களும் தரைமட்டம். புது வீடுகள் நல்லவைதான், சரி. ஆனால் வணிக வளாகமும் மெட்ரோவும் சொன்னபடி வரவில்லை. 2008 நிதி நெருக்கடியில் முதலீடு வற்றிவிட்டது. என் கணிப்பில், தனியார் முதலீட்டை நம்பிய பாதிதான் முதலில் கவிழ்ந்தது.